முன்னுக்கும் பாரம் வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

34 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். 71 வயதில், கனடாவில், ஒரு ஸ்னோமொபைலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஸ்பனர் பிடிப்பேன் என்று எந்தச் சாத்திரியும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் போன மாதம் அதுதான் நடந்தது.

மகளும் மருமகனும் இருப்பது சட்பரியில். ரொறன்ரோவில் இருந்து வடக்கே சுமார் 400 கிலோமீற்றர். நிக்கல் சுரங்கங்களும் ஏரிகளும் உள்ள ஊர். மாரி வந்தால் மாதக்கணக்கில் பனி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கிற மாதிரி இங்கே பல வீட்டு முற்றங்களில் ஸ்னோமொபைல் நிற்கும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னுக்கு இரண்டு ஸ்கீ, பின்னுக்கு அகலமான ஒரு இறப்பர் பட்டி, அதை ட்ராக் என்பார்கள். கைப்பிடி மோட்டார் சைக்கிள் போல. ட்ராக் பனியைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை ஓட வைக்கும். ஸ்கீ இரண்டும் பனியைக் கீறித் திசை காட்டும். ஓடுவது ஒன்று, திருப்புவது இன்னொன்று. இதை நினைவில் வைத்திருங்கள்.

மருமகன் இரண்டு வருடத்துக்கு முன் பாவித்த வண்டி ஒன்றை வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் மெலிந்த பொடியன். ஆழப் பனியில் ஓடுகிறவனாம். மருமகன் நல்ல ஆகிருதி உள்ளவர், குளிர் உடுப்பு, தலைக்கவசம் எல்லாம் சேர்த்தால் 104 கிலோ. வாங்கிய நாள் முதல் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார். “மாமா, த்ரொட்டிலைக் கொஞ்சம் அமத்தினாப் போதும், மூக்கைத் தூக்குது.” கூட வேலை செய்கிறவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்களாம். எஞ்சின் நல்ல பலம் என்று.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகன் 11 வயதுப் பேத்தியைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் போனார். ஒன்ராறியோவில் இந்தப் பனிப்பாதைகளில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அவர் அதைவிடக் குறைவாகத்தான் போனார். ஒரு சின்ன ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் இடப்பக்கம் வளைவு. ஏறுவதற்காக த்ரொட்டிலை அமத்த, மூக்கு எழும்பிவிட்டது. கைப்பிடியைத் திருப்பினார். ஸ்கீ இரண்டும் காற்றில். வண்டி வளையாமல் நேரே போய், பாதையை விட்டு இறங்கி, மரங்களுக்கு நடுவே ஆழப் பனியில் புதைந்து நின்றது. பேத்தி தூக்கி எறியப்பட்டு இடுப்பளவு பனியில் விழுந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் மூக்குக்கும் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் இடையில் இரண்டு முழம் இருந்ததாம்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் இரண்டு நாள் மருமகனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “அப்பா, நீங்கள் சொன்னா அவர் கேப்பார். அதை வித்துப்போடச் சொல்லுங்கோ” என்றாள். பேத்தியோ, “அம்மப்பா, விக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றாள். மருமகன் ஒன்றும் சொல்லாமல் கராஜுக்குள் போய், யாரோ சொன்ன யோசனைப்படி ஸ்கீகளுக்கு மேல் உள்ள வில்களை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “தம்பி, அதை இறுக்கினால் மூக்கு இறங்குமோ?” என்று கேட்டேன்.

“முன்னுக்குப் பலமா இருந்தா இறங்கத்தானே வேணும் மாமா.”

எனக்கு அங்கேயே வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் மருமகனுக்குப் பாடம் எடுப்பது மாணவனுக்கு எடுப்பது மாதிரி இல்லை. அந்த அனுபவம் உள்ள மாமன்மாருக்கு விளங்கும். ஆகவே நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியின் கையேட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். இரண்டு இரவு வாசித்தேன்.

முதலில், மூக்கு ஏன் எழும்புகிறது? வண்டியை முன்னுக்குத் தள்ளும் விசை பனி மட்டத்தில், ட்ராக்கின் அடியில் இருக்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் அதற்கு மேலே உயரத்தில் இருக்கிறது. கீழே தள்ளினால் மேற்பகுதி பின்தங்கப் பார்க்கும். ஆர்முடுகல் கூடக்கூட முன்னால் ஸ்கீயில் இருந்த பாரம் குறைந்து, பின்னால் ட்ராக்கில் கூடும். ஓரளவுக்கு இது நல்லதுதான். ட்ராக்கில் பாரம் கூடினால் பிடிப்புக் கூடும். ஆழப் பனியில் ஓடுகிறவர்கள் வேண்டுமென்றே மூக்கு எழும்பும்படி வைத்திருப்பார்கள். ஆனால் வளைவுகள் நிறைந்த பாதையில் ஸ்கீக்குப் பாரம் இல்லாவிட்டால் கைப்பிடி வெறும் அலங்காரம்.

இரண்டாவது, சஸ்பென்ஷனின் பங்கு. ட்ராக்கின் உள்ளே இரண்டு நீளச் சட்டங்கள் உண்டு. அவற்றை வண்டியின் உடலோடு முன் கை, பின் கை என்று இரண்டு கைகள் இணைக்கின்றன. த்ரொட்டிலை அமத்தியதும் பின் பக்கம் குந்துகிறது. அதே நேரம் முன் கை கீழ்நோக்கி விரிந்து வண்டியின் உடலை மேலே உந்துகிறது. பின்னுக்குக் குந்தி முன்னுக்கு நிமிர்ந்தால் நாய்க்குட்டி இரண்டு காலில் நிற்கிற மாதிரித்தான். முன் கை எவ்வளவு விரியலாம் என்பதைக் கட்டுப்படுத்த ஒரு பட்டி இருக்கிறது. லிமிட்டர் ஸ்ட்ராப் என்பார்கள். மாட்டுக்குக் கட்டும் கயிறு மாதிரி. கயிறு நீளம் என்றால் மாடு கூடத் தூரம் போகும், பட்டி நீளம் என்றால் மூக்கு கூட உயரம் போகும்.

மருமகன் இறுக்கிய முன் வில்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கியது. நிற்கும்போது அவை ஸ்கீயில் கொஞ்சம் பாரத்தைக் கூட்டும், உண்மை. ஆனால் ஸ்கீ நிலத்தை விட்டு எழும்பிய பிறகு எவ்வளவு பலமான வில்லும் காற்றைத்தான் தள்ளும்.

அடுத்த சனிக்கிழமை காலை கராஜுக்குள் மூன்று பேர்: மருமகன், நான், கொப்பியும் பென்சிலுமாகப் பேத்தி. நான் மூன்று விதி வைத்தேன். ஒன்று, அளக்காமல் எதையும் தொடக்கூடாது. இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம். மூன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஓட்டிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, பின் பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றும் வேலையெல்லாம் மருமகனுடையது. அந்த விடயத்தில் அவர் என்னை விடக் கவனம்.

முதல் வேலை, இறுக்கிய முன் வில்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். பிழையான மாற்றத்தை வைத்துக்கொண்டு சரியான மாற்றத்தை அறிய முடியாது.

பிறகு அளவு. வண்டியின் பின் பம்பரைப் பிடித்துத் தூக்கி, வில்கள் முழுதாக விரிந்த நிலையில் நிலத்தில் இருந்து அளந்தோம். மருமகன் முழு உடுப்போடு ஏறி இருக்க மறுபடி அளந்தோம். 15 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. எங்கள் கையேடு சொன்னது ஏறத்தாழ அதில் பாதி. அதாவது, அசையாமல் நிற்கும்போதே பின் பக்கம் அரைவாசி குந்திவிட்டது! மெலிந்த பொடியனுக்கு வைத்த அளவில் என் மருமகன் இரண்டு வருடம் ஓடியிருக்கிறார். வண்டியில் பழுதே இல்லை. அது வேறொருவருக்குத் தைத்த சட்டை.

இரண்டாவது மாற்றம், பின் வில்களின் இறுக்கம். அதற்கு ஒரு சிறிய கட்டை இருக்கிறது. அதைத் திருப்பத் திருப்ப 1, 2, 3 என்று இறுக்கம் கூடும். எங்களுடையது 1இல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 3க்குக் கொண்டுவந்தோம். இறக்கம் 9 சென்ரிமீற்றருக்கு வந்தது. வீட்டின் பின்னால் உள்ள வெளியில் நின்ற நிலையில் இருந்து அதே அளவு த்ரொட்டில் கொடுத்து ஓடினார். பேத்தி பக்கத்தில் தூரமாக நின்று கைபேசியில் படம் எடுத்தாள். ஓட்டப் பாதைக்குப் பின்னால் ஒரு தடியை நட்டு அதில் கோடுகள் போட்டிருந்தோம். மூக்கு முன்பைவிட ஒரு கோடு குறைவாக எழும்பியது. ஆனாலும் எழும்பியது.

மூன்றாவது, லிமிட்டர் ஸ்ட்ராப். நட்டைக் கழற்றி ஒரு துளை மட்டும் கட்டையாக்கி, புது நட் போட்டு இறுக்கினோம். ட்ராக்கின் இறுக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். மறுபடி ஓட்டம். ஸ்கீகள் நிலத்தை உரசியபடியே போயின. வளைந்தார். வண்டி வளைந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “மாமா, இது வேற வண்டி!”

உடனே அவருக்கு ஆசை வந்துவிட்டது. “இன்னொரு துளை கட்டையாக்குவமே?” எனக்கும் அறிய ஆசைதான். செய்தோம். கைப்பிடி கல்லாகப் பாரமாகிவிட்டது. ஸ்கீகள் பழைய தடங்களைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் இழுத்தன. வளையும்போது பின் பக்கம் வழுக்கியது. சின்ன ஏற்றத்தில் ட்ராக் பிடிப்பில்லாமல் சுழன்றது. முன்னுக்கு எல்லாப் பாரத்தையும் கொடுத்தால் தள்ளுவதற்குப் பின்னுக்கு ஆளில்லை. மருந்து கூடினாலும் நோய்தான். ஒரு துளையைத் திருப்பிக் கொடுத்தோம். பேத்தி கொப்பியில், “1 துளை நல்லம். 2 துளை கூடாது” என்று எழுதினாள். என் வாழ்நாளில் திருத்திய செய்முறைக் கொப்பிகளில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம்.

முன் கையின் வில்லைத் தளர்த்தினாலும் ஸ்கீயில் பாரம் கூடும். அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. இன்னொன்று, ஓட்டுபவர் ஏற்றத்தில் முன்னுக்குச் சரிந்து இருப்பது. காசில்லாத சஸ்பென்ஷன் அதுதான். ஆசனத்தின் பின் நுனியில் சாய்ந்து இருக்கும் பழக்கத்தை மருமகன் விட்டுவிட்டார்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் கையேட்டை வாசித்த முதல் இரவே இன்னொரு விடயம் என் கண்ணில் பட்டிருந்தது. அந்த வண்டி ஒருவருக்கு மட்டும் செய்தது. ஆசனம் சற்று நீளமாக இருப்பதால் ஒரு பிள்ளை நெருக்கிக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான். இருவர் ஏறும் வண்டிகளில் ட்ராக் நீளம் கூட, பின்னால் இருப்பவரின் பாரமும் ட்ராக்கின் மேலேயே விழும். இதில் பின்னால் ஏறுகிற பாரம் ட்ராக்கின் கடைசி நுனியில் போய் விழுந்து, ஸ்கீகளைத் தூக்கும் திருப்பத்தைத்தான் கூட்டும். எந்தத் துளையும் எந்தக் கட்டையும் அதைச் சரிப்படுத்தாது.

இதை மருமகனிடம் எப்படிச் சொல்வது? ஒரு கிழமையாக மென்று விழுங்கினேன். கடைசியில் எனக்கு ஒரு பழைய இரவு ஞாபகம் வந்தது. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி வீதியில் இறங்கிய இரவு. என் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அவவுக்குப் பின்னால் ஒரு மூட்டையும் கட்டி, நாவற்குழிப் பாலம் நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். மழை. முன்னும் பின்னும் சனம். ஒவ்வொரு குழியிலும் பின் சில்லு இறங்க, முன் சில்லு எழும்பி ஹாண்டில் என் கையை மீறித் திரும்பியது. இரண்டு தரம் அம்மா விழப் பார்த்தா. விசைத் திருப்பத்தைப் பத்துப் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். அந்த இரவில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இருட்டில் ஒரு குரல் கேட்டது. “சேர், மூட்டையை அவிட்டு ஹாண்டில்ல கட்டுங்கோ. முன்னுக்குப் பாரம் வேணும்.” என்னிடம் படித்த பொடியன் யாரோ. முகம் தெரியவில்லை. அவனே அவிழ்த்து, அவனே கட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். அதற்குப் பிறகு சைக்கிள் சொன்னபடி கேட்டது. விடிய அம்மா பத்திரமாகச் சாவகச்சேரியில் இறங்கினா.

கதையை முடித்துவிட்டு மருமகனிடம் சொன்னேன்: “தம்பி, அண்டைக்கு எங்களுக்கு வேற வழியில்லை. கரியர் தாங்காத பாரத்தை ஏத்தினோம். இண்டைக்கு எங்களுக்கு வழி இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “தெரியும் மாமா. வண்டியிலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. பிள்ளை ஆசையாக் கேட்டவள், மாட்டன் எண்டு சொல்ல ஏலேல்லை” என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குற்றம் சொல்ல யாரும் தேவைப்படாத மனுசன் அவர்.

இந்த வண்டியின் வரலாற்றையும் அப்போது வாசித்தேன். கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் நோய். பனி மூடிய வீதியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வாகனம் செய்வதில் முன்பே ஈடுபட்டிருந்தவர் அதை விடவில்லை. 1937இல் தன் ட்ராக் பொறிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். பலர் ஏறக்கூடிய பனி வாகனங்கள் செய்தார். 1959இல் ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டியை வெளியிட்டார். இன்றைய ஸ்னோமொபைல்கள் அந்த வழியில் வந்தவை. ஒரு பிள்ளையை இழந்த தகப்பன் செய்த வண்டி. அதில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வர விடலாமா?

இப்போது நிலைமை இதுதான். வண்டியை விற்கவில்லை. மருமகன் தனியாகத்தான் ஓடுகிறார். மகள் ஜன்னலில் நின்று பார்ப்பதைக் குறைத்துவிட்டாள். பேத்திக்கு முதலில் பெரிய கோபம். “நாந்தானே எல்லாம் எழுதினனான், எனக்கு ஓட்டமில்லையோ?” என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்ராறியோவில் 12 வயதானால் பயிற்சி முடித்து அனுமதிப்பத்திரம் பெற்று இந்தப் பாதைகளில் ஓட்டலாம். அடுத்த மாரிக்கு அவளுக்கு 12 நிறைந்துவிடும். அவளுடைய உயரத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற சிறிய வண்டி என்றால் யோசிக்கலாம் என்று தாய் சொல்லியிருக்கிறாள். யோசிக்கலாம் என்றுதான் சொன்னாள், ஓம் என்று இல்லை. பேத்தி அதற்குள் கொப்பியில் புதுப் பக்கம் திறந்து, மேலே தன்னுடைய நிறையை எழுதி வைத்துவிட்டாள்.

இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பவர்கள் பலம் என்று கைதட்டுவார்கள். நீங்கள் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால்தான் வண்டி உங்களுடையது. பாவித்த வண்டி வாங்கினால், அது யாருடைய பாரத்துக்கு வைத்த அளவு என்று முதலில் கேளுங்கள். எத்தனை பேருக்குச் செய்தது என்று அதைவிட முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1995இல் நாவற்குழியில் என் மூட்டையை அவிழ்த்துக் கட்டிய அந்தப் பொடியன் எங்காவது இருந்து இதை வாசித்தால், தயவுசெய்து எனக்கு எழுதவும். உன் பெயர் எனக்குத் தெரியாது. அன்று உனக்கு நன்றி சொல்லவில்லை. அம்மா 2003இல் காலமானா. அதுவரை உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தா.

அன்புடன்,
உங்கள் பழைய பௌதிகவியல் ஆசிரியர்